பூஜ்யத்துக்குக் கீழே பத்து நிமிடம்

ஊரில் எங்கே தண்ணீர் ஒழுகினாலும் கடிதம் அவன் மேசைக்குத்தான் வரும். குடிநீர் அலுவலகத்தில் கசிவு ஆய்வாளர். பதினேழு வருடமாக அடுத்தவர் வீட்டுக் குழாய்களைக் குனிந்து பார்த்ததில், நிமிர்ந்து நிற்கும்போதும் அவன் கழுத்து சற்று முன்னால் நீண்டிருக்கும். கசிவைக் கண்டுபிடிப்பதில் புலி என்று அலுவலகத்தில் பேர். அவன் வீட்டுச் சமையலறைக் குழாய் நான்கு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அவனும் மனைவியும் தூங்கினார்கள். இன்னொன்றில் அவனுடைய மெஷின் தூங்கியது. மூன்று வருடமாக.

மெஷின் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. ஃபிரிட்ஜின் குடலை உருவி வெளியே வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி. தரையில் ஒரு கம்ப்ரஸர். பின்னால் சூட்டை அள்ளி வெளியே தள்ள ஒரு ஃபேன். கம்ப்ரஸரிலிருந்து கை தடிமனில் ஒரு குழாய். குழாயின் நுனியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு செம்புக் கட்டி. அதற்குத் தலை என்று பேர். உள்ளே கேஸ் கொதித்து ஆவியாகும்போது தலை மைனஸ் நாற்பது வரைக்கும் போகும். அதைக் கொண்டுபோய் கம்ப்யூட்டரின் ப்ராஸஸர் மேல் உட்கார வைத்து இறுக்கினால், ப்ராஸஸர் உறைபனியில் நின்றுகொண்டு, செய்தவன் சொன்னதைவிட அதிக வேகத்தில் ஓடும். அந்த வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாராவது கேட்டால் அவன் பேச்சை மாற்றிவிடுவான். அலுவலகக் கடிதங்களை அடிக்க அந்த வேகம் தேவையில்லை. அவன் இரண்டு விரலால் அடிப்பவன்.

மனைவி பல் செட் செய்பவள். மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் ஈறு செய்து, பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்புவாள். எல்லாம் சாப்பாட்டு மேசையில். சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு எதிரே யாருடைய மேல்தாடையோ சிரித்துக்கொண்டிருக்கும். அவனுக்குப் பழகிவிட்டது. விருந்தாளிகளுக்குப் பழகவில்லை. வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"அந்த ரூம் எனக்கு வேணும்" என்றாள் ஒருநாள், ஒரு கடைவாய்ப்பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.

"மெஷின் இருக்கே."

"இருக்கு. ஓடிப் பாத்ததில்லையே."

"ஓடும். இன்சுலேஷன் மட்டும்தான் பாக்கி."

"மூணு வருஷமா அது மட்டும்தான் பாக்கி."

அவன் எதிரே இருந்த மேல்தாடையைச் சற்றுத் தள்ளி வைத்தான்.

"சரி" என்றாள். "ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு தச்சரை வரச் சொல்லியிருக்கேன், மேசை அளவெடுக்க. அதுக்குள்ள உங்க மெஷினைப் பூட்டி, பூஜ்யத்துக்குக் கீழ பத்து நிமிஷம் நிக்காம ஓட்டிக் காட்டுங்க. காட்டிட்டா அவரைத் திருப்பி அனுப்பிடறேன். ரூம் உங்களுது. நான் இங்கயே பல்லோட சாப்பிட்டுக்கறேன்."

"காட்டலைன்னா?"

"மேசை வரும். மெஷின் போகும்."

பத்து நிமிடம் என்பது பெரிய சோதனை இல்லை. ப்ராஸஸரைக் கணக்குப் போட வைத்து மூச்சு முட்ட ஓட்டுகிற ஒரு சின்ன நிரல். தவறில்லாமல் முடித்தால் பச்சையில் பாஸ் என்று எழுதும். அவன் சிரித்தபடி சம்மதித்தான். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் பல தடவை வெட்கப்பட வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, ஃபிரிட்ஜ் மெக்கானிக். மெஷினைக் கட்டிக் கொடுத்தவனே அவன்தான். கேஸ் நிரப்பி, கம்ப்ரஸரைப் போட்டான். பத்து நிமிடத்தில் தலை வெள்ளை பூத்தது. அதில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் மைனஸ் நாற்பத்திரண்டு காட்டியது.

"மாமா, பேசாம இதுல ஐஸ்கிரீம் போடலாம். அக்காவாவது சாப்பிடும்."

"உங்கக்கா என் ரூமையே சாப்பிடப் பாக்குது."

"பாவம் மாமா நீங்க" என்றான் மச்சினன், துளியும் பாவப்படாமல். "என் வேலை முடிஞ்சுது. குளிருக்கு நான் பொறுப்பு. கம்ப்யூட்டருக்கு நீங்க பொறுப்பு."

குளிர் இருக்கிற இடத்தில் தண்ணீர் வந்துவிடும். காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த இடமாகப் பார்த்து வந்து படியும். ப்ராஸஸர் உட்கார்ந்திருக்கும் போர்டில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், கதை முடிந்தது. அவனுக்கு இது தெரியும். தெரிந்ததுதான் பிரச்சினை. பதினேழு வருடம் சொட்டுத் தண்ணீரைத் துரத்தியவனிடம் ஒரு போர்டைக் கொடுத்து நனையாமல் காப்பாற்று என்றால் அவன் எங்கே நிறுத்துவான்?

முதலில் போர்டைச் சுற்றி நகப்பூச்சு அடித்தான். மனைவியுடையது, சிவப்பு. காய்ந்ததும் இன்னொரு பூச்சு. இடுக்குகளில் வாஸ்லின். அதன் மேல், ஓவியர்கள் பிசைந்து அழிக்கிற ரப்பரை உருட்டி உருட்டி அடைத்தான். போர்டின் அடியில் ஒரு ஃபோம். மேலே, ப்ராஸஸருக்கு மட்டும் சதுரமாக ஓட்டை விட்டு ஒரு ஃபோம். அதன் மேல் இன்னொன்று. பார்த்தான். மனசு கேட்கவில்லை. மூன்றாவதும் போட்டான்.

கிளம்பிக்கொண்டிருந்த மச்சினன் எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, மெத்தை போடறீங்க? ப்ராஸஸர் தூங்கவா போகுது?"

"ஒரு சொட்டுகூட உள்ள போகக் கூடாது."

"காத்துகூடப் போகாது போலருக்கே" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

ப்ராஸஸர் மேல் சூடு கடத்தும் பேஸ்ட் தடவி, தலையை வைத்து, நான்கு மூலைத் திருகுகளையும் முடுக்கினான். குழாய் விறைப்பாக இருந்ததால் தலை ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. தோளால் முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினான். ஃபோம் நன்றாக அமுங்கியது. இனி ஊசி முனை ஈரமும் நுழையாது. தன் வாழ்க்கையில் இவ்வளவு உருப்படியாக எதையும் அடைத்ததில்லை என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு மணிக்கு கம்ப்ரஸரைப் போட்டான். தலை குளிரட்டும் என்று காத்திருந்தான். மைனஸ் நாற்பது வந்ததும் கம்ப்யூட்டரை எழுப்பினான். திரை வந்தது. இருபது நொடி. அணைந்தது.

மறுபடி எழுப்பினான். அணைந்தது.

மூன்றாவது தடவை, அணைவதற்கு முன் திரையின் மூலையில் ப்ராஸஸரின் சூட்டைப் பார்த்துவிட்டான். தொண்ணூற்றெட்டு. மைனஸ் இல்லை. தேநீர் கொதிக்கிற தொண்ணூற்றெட்டு.

பேஸ்ட் குறைவாக இருக்கும் என்று முடிவு கட்டினான். எதுவாக இருந்தாலும் பேஸ்ட் குறைவு என்று முடிவு கட்டுவது அவன் வழக்கம். மனைவியின் ஹேர் டிரையரால் தலையைச் சூடாக்கி, கழற்றி, பேஸ்ட்டை அள்ளி அப்பி, மறுபடி இறுக்கினான். ஒன்றரை மணி நேரம் போனது. இரண்டரைக்கு மறுபடி போட்டான். இருபது நொடி. தொண்ணூற்றெட்டு. அணைந்தது.

அறை இதற்குள் அடுப்பாகிவிட்டது. தலையிலிருந்து எடுத்த சூட்டையெல்லாம் மெஷின் பின்பக்கம் ஊதிக்கொண்டிருந்தது. நகம் அளவு சில்லுக்காகச் செய்த பனியின் விலையை முழு அறையும் வியர்வையாகக் கொடுத்தது. அந்தச் சில்லும் பனியைப் பார்க்கவில்லை. பனியனைக் கழற்றிவிட்டு அரை டிராயரோடு தரையில் உட்கார்ந்தான். தெர்மாமீட்டர் மைனஸ் நாற்பத்தொன்றில் நிம்மதியாக நின்றது.

அதைப் பார்த்ததும் அவனுக்கு அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை.

"கொஞ்சம் வாயேன்" என்று கூப்பிட்டான். குரலில் வெற்றி இருக்கும்படி பார்த்துக்கொண்டான்.

மனைவி கையில் மெழுகுக் கத்தியோடு வந்தாள். வாசலிலேயே நின்று முந்தானையால் விசிறிக்கொண்டாள். "அப்பாடி. இதுவா குளிர்?"

"அங்க பாரு. மைனஸ் நாப்பத்தொண்ணு."

"அது எதோட சூடு?"

"தலையோடது."

"ப்ராஸஸரோடது?"

"அதுவும்... கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னா?"

"தொண்ணூத்தெட்டு."

"மைனஸா?"

அவன் கம்ப்ரஸர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பிளஸ்" என்றான்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அவன் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் பார்த்தாள். தலையைப் பார்த்தாள். பிறகு கண்ணைச் சுருக்கி, இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் பார்த்தாள். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். ஒரு செட்டை அச்சில் மாட்டி, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சேர்கிறதா என்று பார்க்கும்போது வருகிற பார்வை.

"இது கடிக்கவே இல்லியே" என்றாள்.

"எது?"

"மேல ஒண்ணு மைனஸ் நாப்பது. கீழ ஒண்ணு கொதிக்குது. ரெண்டும் தொட்டுக்கிட்டா இப்படி இருக்குமா? ஒரே வீட்ல இருந்துக்கிட்டுப் பேசாத மாதிரில்ல இருக்கு. கழட்டுங்க."

"நல்லா இறுக்கியிருக்கேன்."

"எதை எது மேல இறுக்கினீங்க?"

அவன் ஹேர் டிரையரை எடுத்தான்.

அவள் எழுந்து போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். பல் வேலையில் கடி பார்ப்பதற்கான தாள். மயிரிழை கனம், இரண்டு பக்கமும் நீல மை. வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னால், பல் படுகிற இடத்தில் மட்டும் நீலப் புள்ளி விழும். பேஸ்ட்டை வழித்துத் துடைக்கச் சொன்னாள். ப்ராஸஸர் மேலும் ஃபோம் மேலுமாகத் தாளைப் பரப்பினாள். தலையை வைத்து இறுக்கி, மறுபடி எடுக்கச் சொன்னாள்.

எடுத்தான். இருவரும் குனிந்தார்கள். தலைகள் முட்டிக்கொண்டன.

ஃபோம் முழுக்க நீலம். சுற்றிச் சுற்றி, சதுரம் பிசகாமல், அழகான நீலம். ப்ராஸஸர் சுத்தமாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் கடுகளவு புள்ளி.

"தலை மெத்தை மேல உக்காந்திருக்கு" என்றாள். "நீங்க ரெண்டு தடவையும் பேஸ்ட் தடவினது காத்துக்கு."

"ஃபோம் அமுங்கும்னு நெனைச்சேன்."

"சூட்டுல அமுங்கும். குளிர்ல வெறைக்காதா? மெழுகு வெறைக்குதுல்ல?"

வெறைக்கும். குழாய் வாஷர் குளிரில் விறைப்பதைப் பற்றி அவன் அலுவலகத்துக்கு நான்கு பக்க அறிக்கையே எழுதியிருக்கிறான். மேலதிகாரி அதைப் பாராட்டி அடுத்த ஊருக்கும் அனுப்பினார். தண்ணீர் நுழையக் கூடாது என்று அடைத்த அடைப்பில் குளிரும் நுழையவில்லை. கசிவே இல்லாத வேலை. அவன் பணிக்காலத்தின் ஒரே கசிவில்லாத வேலை.

"எதுக்கு எனக்கு உதவறே?" என்று கேட்டான். "இது ஓடலைன்னா ரூம் உனக்குத்தானே?"

"தெரியும்."

"அப்புறம்?"

"கண்ணால பாத்துட்டேனே. சரியா உக்காராததைப் பாத்துட்டு அப்படியே விட எனக்கு வராது" என்று எரிச்சலோடு சொன்னாள். "நகருங்க. மூணாவது ஃபோமை எடுங்க. ரெண்டாவதை நான் சீவறேன்."

அவள் கத்தியால் ஃபோமைச் சீவினாள். தாளை வைத்தார்கள். இறுக்கி எடுத்தார்கள். ப்ராஸஸரில் பாதி நீலம். இன்னும் கொஞ்சம் சீவினாள். மூன்றாவது தடவை நீலம் முழுச் சதுரமாக விழுந்தது. அவள் "ம்" என்றாள். அவளிடமிருந்து ஒரு செட்டுக்குக் கிடைக்கிற அதிகபட்சப் பாராட்டு அது.

நீலத்தைத் துடைத்து, அரிசி அளவு பேஸ்ட் வைத்து, இறுக்கி, மூன்று இருபத்திரண்டுக்கு கம்ப்ரஸரைப் போட்டான். குளிர்வதற்குப் பதின்மூன்று நிமிடம். பிறகு கம்ப்யூட்டரை எழுப்பினான். இருபது நொடி போனது. முப்பது. நாற்பது. திரை அணையவில்லை.

ப்ராஸஸரின் சூடு: மைனஸ் இருபத்தாறு.

அவன் கத்தியது கீழ்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

அப்போது மணி மூன்று முப்பத்தெட்டு. அந்த நிமிடமே சோதனையை ஓட விட்டிருந்தால் மூன்று நாற்பத்தெட்டுக்கு முடிந்திருக்கும். அறை அவனுடையதாகியிருக்கும். குழந்தைக்கும் புரிகிற கணக்கு. அவனுக்கும் புரிந்தது. புரிந்துகொண்டே அவன் வேகத்தை மாற்றுகிற பக்கத்தைத் திறந்தான்.

இணையத்தில் இவனைப் போன்றவர்கள் கூடுகிற ஒரு குழு இருந்தது. அதில் பனிக்கரடி என்று பேர் வைத்துக்கொண்ட ஒருவன் இதே ப்ராஸஸரை ஐந்து புள்ளி ஒன்பது கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டிப் படம் போட்டிருந்தான். அவன் முகம்கூட இவனுக்குத் தெரியாது. மூன்று வருடமாக அவனை மனசார வெறுத்தான்.

ஆறு என்று அடித்தான்.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். போகாமல் இருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"வேகத்தைக் கொஞ்சம் ஏத்தறேன்."

"வேகம் எவ்வளவுன்னு நம்ம பேச்சுல இல்லையே."

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

"சும்மா."

திரை நீலமாகி, கம்ப்யூட்டர் செயலிழந்து விழுந்தது. எழுப்பினான். ஐந்து புள்ளி தொண்ணூற்றைந்து. விழுந்தது. எழுப்பினான். ஐந்து புள்ளி ஒன்பது போதும், சமமாகவாவது இருக்கட்டும் என்றான். விழுந்தது. ஒவ்வொரு தடவை விழுந்து எழவும் நான்கைந்து நிமிடம். மனைவி கடிகாரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முறையாகக் கடித்த ஒரு செட்டைப் போட்டுக்கொண்டு ஒருவன் கருங்கல்லைக் கடித்தால் அதற்கு அவள் பொறுப்பில்லை.

மூன்று ஐம்பத்து நான்குக்கு ஐந்து புள்ளி ஏழுக்கு இறங்கினான். விழாமல் நின்றது. சோதனையை ஓட விட்டான்.

அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தான். ஐம்பத்து நாலும் பத்தும் எவ்வளவு என்று கூட்டினான். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை கூட்டினான்.

ஆறாவது நிமிடம் முடிகையில் அழைப்பு மணி அடித்தது.

தச்சர் நேரம் தவறாத மனிதர். தச்சர்கள் இப்படி இருப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அவன் வீட்டுக்கு மட்டும் ஏன் இவர் வர வேண்டும்? காதில் பென்சில், கையில் டேப். அறைக்குள் நுழைந்ததும் பின்வாங்கினார்.

"என்னம்மா இவ்வளவு சூடு? சமையல் இங்கதானா?"

"இல்லைங்க. இது கம்ப்யூட்டர்."

தச்சர் உறுமுகிற கம்ப்ரஸரைப் பார்த்தார். வெள்ளை பூத்த குழாயைப் பார்த்தார். அரை டிராயரில் தரையில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்த மனிதனைப் பார்த்தார். அதற்குமேல் கேட்காமல் இருப்பது நல்லது என்று தோன்றியிருக்க வேண்டும்.

"மணி நாலு" என்றான் அவன், திரும்பாமல். "தோத்துட்டேன்."

"ஆமா" என்றாள் அவள்.

"அணைச்சிடவா?"

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. முடியட்டும்." பிறகு தச்சரிடம், "நீங்க அளவெடுங்க. இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே மேசை."

"சார், அந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க" என்று தச்சர் டேப்பை நீட்டினார்.

அவன் வாங்கினான். உட்கார்ந்தபடியே பின்னால் கையை நீட்டி, டேப்பின் நுனியைச் சுவரில் அழுத்திக்கொண்டான். கண் திரையில். எட்டாவது நிமிடம். மைனஸ் இருபத்திரண்டு. தச்சர் டேப்பை இழுத்துக்கொண்டு மறுசுவருக்குப் போனார். வழியில் கம்ப்ரஸரைத் தாண்ட வேண்டியிருந்தது.

"இது இங்கயே இருக்குமாம்மா? இருந்தா மேசையை வெட்டணும்."

"அவரைக் கேளுங்க."

ஒன்பதாவது நிமிடம். அவன் மூச்சு விடவில்லை. மனைவி ஸ்டூலை விட்டு எழுந்து அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவளும் மூச்சு விடவில்லை என்பது அவன் காதுக்குத் தெரிந்தது.

பச்சை எழுத்து வந்தது. பாஸ்.

"பாஸ்!" என்று கத்தினான். "பாத்தியா! அஞ்சு புள்ளி ஏழு! மைனஸ்ல! ஒரு தப்பு இல்ல! பாத்தியா!"

"பாத்தேன், பாத்தேன்" என்றாள். அவள் முகத்திலும் சிரிப்பு. முழுச் சதுரமாக நீலம் விழுந்ததே, அந்தச் சிரிப்பு.

"பனிக்கரடி எங்க தூங்கறானோ! என்கிட்ட மோதச் சொல்லு!"

"அவரு அஞ்சு புள்ளி ஒம்பதுன்னு சொன்னீங்களே."

"அது அவன் வீட்டுக் குளிர். இது நம்ம வீட்டு வெயில்."

எழுந்து ஆடலாம் என்று கையை எடுக்கப் போனான்.

"சார், சார், கையை எடுக்காதீங்க" என்று மறுசுவரிலிருந்து தச்சர் கத்தினார். "இன்னும் எழுதல. இந்த மெஷின் எங்க சார் போகும்?"

"வெளிய" என்றான் அவன், பல்லெல்லாம் தெரிய. "வெளிய போயிடும். நீங்க சுவர்லேர்ந்து சுவருக்கு முழுசாப் போடுங்க. தாராளமாப் போடுங்க."

கட்டை விரலால் டேப்பின் நுனியை இன்னும் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டான்.